சாமி கண்ணைக் குத்துமா?

தட்டில் கற்பூரம், பக்கத்தில் ஒரு பணக் கவர். கற்பூரத்தை அணைத்து, இன்ன சின்னத்துக்குத்தான் போடுவேன் என்று சத்தியம் செய்தால் கவர் கைக்கு வரும். ஊரில் தேர்தலுக்குத் தேர்தல் காதில் விழும் சங்கதிதான். பிழைப்புக்காக மும்பை வந்தவர்களோடு அந்தப் பயமும் வந்திருக்கிறது. “வாங்கிட்டு மாத்திப் போட்டா சாமி கண்ணைக் குத்திராதா தம்பி?” என்று ஆண்டாப் ஹில்லில் ஒரு ஆச்சி கேட்டார்.

ஆச்சி பயப்பட வேண்டியதில்லை. தெய்வக் கோபம் வரும், மதத்தை விட்டுத் தள்ளிவைப்போம் என்று வாக்காளரை நம்பவைப்பது பாரதிய நியாய சன்ஹிதா 171-ஆவது பிரிவின்படி குற்றம். ஓராண்டு வரை சிறை உண்டு. மிரட்டி வாங்கிய அந்தச் சத்தியம் சட்டப்படி யாரையும் கட்டுப்படுத்தாது. ஆனால் ஒன்று: கவரை வாங்குவதும் குற்றமே. வேண்டாம் என்று சொல்லிவிடுவதுதான் நல்லது.

பக்தியுள்ளவர் தன் நம்பிக்கையை ஒட்டி ஓட்டுப் போடக் கூடாதா? தாராளமாகப் போடலாம். கோயிலுக்கோ தர்காவுக்கோ தேவாலயத்துக்கோ போய்விட்டு வந்து, மனசாட்சி சொல்கிறபடி பொத்தானை அழுத்துவது உங்கள் உரிமை. சட்டம் கட்டிப்போடுவது ஓட்டுக் கேட்பவரை. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 123(3) பிரிவு மதம், இனம், சாதி, சமூகம், மொழி ஐந்தின் பேராலும் ஓட்டுக் கேட்பதைத் தடுக்கிறது. ‘நம்ம தமிழ் ஆளு, அதனால் போடுங்க’ என்று வேட்பாளர் கேட்பதும் இதில் அடங்கும். சயான் கோலிவாடா தொகுதித் தமிழர்கள் இதைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

இந்தச் சட்டத்துக்கு நாடு முழுவதற்கும் பொருள் சொன்ன வழக்குகள் மும்பையில்தான் பிறந்தன. 1987 டிசம்பரில் விலே பார்லே இடைத்தேர்தலில் ரமேஷ் பிரபு வென்றார். இந்துக்களின் பெயரால் சிவசேனைத் தலைவர் பால் தாக்கரே அவருக்காகப் பேசிய பேச்சுகளைக் காட்டி, தோற்ற வேட்பாளர் பிரபாகர் குண்டே வழக்குப் போட்டார். பம்பாய் உயர்நீதிமன்றம் 1989-இல் வெற்றியை ரத்து செய்தது. உச்சநீதிமன்றம் 1995 டிசம்பர் 11-இல் அதை உறுதி செய்தது. தாக்கரே ஆறு ஆண்டுகள் வாக்குரிமையையே இழந்தார். அந்த உத்தரவு வந்தது 1999-இல். அதே 1995-இல், மனோகர் ஜோஷியின் தாதர் தொகுதி வழக்கில், மகாராஷ்டிரத்தில் முதல் இந்து மாநிலம் அமையும் என்ற பேச்சு வெறும் எதிர்பார்ப்புதான், மதத்தின் பேரால் ஓட்டுக் கேட்டதாகாது என்று அதே நீதிமன்றம் சொன்னது. எது தடை, எது அனுமதி என்ற கோடு எனக்கு இன்றும் மங்கலாகவே தெரிகிறது.

மூன்றாவது, சாந்தாகுரூஸ் தொகுதியின் அபிராம் சிங் வழக்கு. வேட்பாளரின் மதத்தை மட்டுமல்ல, வாக்காளரின் மதத்தைச் சொல்லிக் கேட்பதும் தவறு என்று 2017 ஜனவரி 2-இல் ஏழு நீதிபதிகள் அமர்வு நாலுக்கு மூன்று என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. தேர்தல் நடந்ததோ 1990-இல். இந்தத் தாமதம் பெரிய அநியாயம். அதனால்தான் நடக்கும்போதே புகார் செய்வது முக்கியம்.

வழிபாட்டுத் தலத்தில் பிரசாரம் நடந்தால் தேர்தல் ஆணையத்தின் சி-விஜில் செயலியில் அங்கேயே படமோ இரண்டு நிமிட வீடியோவோ எடுத்து அனுப்பலாம். முன்பே எடுத்து வைத்ததை ஏற்றாது. பெயர் சொல்லாமலும் அனுப்பலாம். செயலியைப் பயன்படுத்தத் தெரியாதவர்கள் 1950-ஐ அழைக்கலாம். மத நிறுவனங்களைத் தவறாகப் பயன்படுத்துவதைத் தடுக்கும் 1988-ஆம் ஆண்டுச் சட்டப்படி, கோயிலையோ மசூதியையோ நடத்துபவர் அரசியலுக்கு இடம் கொடுத்தால் ஐந்தாண்டு வரை சிறை.

“யாருக்குப் போட்டோம்னு தெரிஞ்சிருமே” என்ற பயமும் உண்டு. போட்ட ஓட்டைக் காட்டும் விவிபேட் சீட்டு ஏழு நொடி உங்கள் கண்ணுக்கு மட்டும் தெரிந்து பெட்டிக்குள் விழுந்துவிடும். ஒரு சாவடியில் மொத்தம் யாருக்கு எத்தனை என்பது வெளியே வரும். ஆச்சி யாருக்குப் போட்டார் என்பது வராது. அதைச் சொல்லும்படி யாரும் கட்டாயப்படுத்த முடியாது.

முடிவு வந்த பிறகும் வழி அடைபடுவதில்லை. தோற்ற வேட்பாளர்தான் போக வேண்டும் என்றில்லை. அந்தத் தொகுதி வாக்காளர் யாரும் 45 நாளுக்குள் பம்பாய் உயர்நீதிமன்றத்தில் தேர்தல் மனு போடலாம். வைப்புத்தொகை 2,000 ரூபாய். மதத்தின் பேரால் ஓட்டுக் கேட்டது வேறொருவர் என்றால், அது வேட்பாளரின் சம்மதத்தோடு நடந்தது என்று காட்ட வேண்டியிருக்கும். ஆகவே நோட்டீஸைப் பத்திரப்படுத்தி, தேதி, இடம், பேசியவர் பெயர் எல்லாவற்றையும் அன்றைக்கே குறித்து வையுங்கள்.