செயினுக்கு எண்ணெய் எங்கே வேண்டும்?

சைக்கிள் செயின் நாளடைவில் தொய்வதற்குத் தகடுகள் இழுபடுவதுதான் காரணம் என்று பலர் நினைக்கிறார்கள். தகடுகளுக்கு ஒன்றும் ஆவதில்லை. தேய்பவை, கண்ணிகளைக் கோத்திருக்கும் ஆணிகளும் அவற்றைச் சூழ்ந்த புஷ்களும்தான். ஆணி, புஷ், அதன்மேல் உருளும் ரோலர் என்ற இந்த அமைப்புக்கு மான்செஸ்டரில் ஹான்ஸ் ரெனால்ட் 1880இல் காப்புரிமை பெற்றார். இன்றைய கியர் சைக்கிள் செயின்களில் தனி புஷ் கிடையாது, உட்தகட்டின் விளிம்பே அந்த வேலையைச் செய்கிறது. மற்றபடி அமைப்பு அதேதான். கண்ணிக்குக் கண்ணி 12.7 மி.மீ. மூட்டுக்கு 0.1 மி.மீ. தேய்ந்தாலே 110 கண்ணிகளில் 11 மி.மீ. கூடிவிடும். அப்புறம் பற்சக்கரத்தின் பல்லுக்கும் கண்ணிக்கும் பொருந்தாது. செயின் பல்லின் மேலேறி அதையும் தின்னும்.

எனவே எண்ணெய் போய்ச் சேரவேண்டிய இடம் மூட்டின் உட்புறம். வெளியே வழியும் எண்ணெய் புழுதியைப் பிடித்து, செயினை உப்புத்தாளாக்கிவிடும். முதலில் மண்ணெண்ணெய் நனைத்த துணியாலும் பிரஷ்ஷாலும் அழுக்கை எடுத்து, நன்றாகக் காயவிட வேண்டும்; ஈரம் மிச்சமிருந்தால் புது எண்ணெய் நீர்த்துப்போகும். பிறகு ரோலருக்கு ஒரு சொட்டு, பெடலைப் பின்னோக்கிச் சில சுற்று, சில மணி நேரக் காத்திருப்பு. கடைசியில் வெளிப்புறத்தை அழுத்தித் துடைக்க வேண்டும். பலரும் விட்டுவிடுவது இதைத்தான்.

துடைத்தால் துருப்பிடிக்காதா என்று கேட்கலாம். துடைத்தபின் ஒட்டியிருக்கும் மெல்லிய படலமே சாதாரண நாட்களுக்குப் போதும். மழையில் நனைந்தால் மட்டும் உலர்த்தி மறுபடி எண்ணெய் விட வேண்டும். கெட்டியான கிரீஸ் நெடுநாள் நிற்கும் என்பார்கள். நிற்கும், ஆனால் வெளியேதான். மூட்டின் சந்துக்குள் அது எளிதில் நுழையாது. வண்டியிலிருந்து வடித்த பழைய எஞ்சின் ஆயிலில் கரியும் உலோகத்துகளும் கலந்திருக்கும். இலவசமாகக் கிடைப்பதைத் தவிர அதற்கு வேறு பெருமை இல்லை.

எண்ணெயே எதற்கு என்னும், இதைவிட வலுவான மறுப்பு ஒன்று உண்டு. 1999இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் ஸ்பைசர் குழு செயினைச் சோதித்தபோது, அதன் செயல்திறன் 98.6 சதவீதம்வரை இருந்தது; எண்ணெய் இட்டாலும் இடாவிட்டாலும் பெரிய வேறுபாடு தெரியவில்லை. ஆனால் அது புழுதியற்ற ஆய்வகம். அங்கே அளந்ததும் வீணாகும் ஆற்றலைத்தான், மாதக்கணக்கில் தெருவில் ஓடியபின் ஏற்படும் தேய்மானத்தை அல்ல. மிதிப்பது இலேசாகும் என்பதற்காக அல்ல, செயின் நீடித்து உழைக்கவே எண்ணெய்.

தேய்மானத்தை அறிய ஓர் அளவுகோல் போதும். புதுச் செயினில் 24 கண்ணிகள் 304.8 மி.மீ. இருக்கும், அது 308ஐத் தொடுமுன், பற்சக்கரமும் போவதற்குள் செயினை மாற்றிவிடுங்கள்.