வயலின் மேல் செல்லும் உயர் அழுத்த மின்பாதை: உழவர் அறிய வேண்டியவை

மதுரைச் சமவெளியில் உயர் அழுத்த மின் கோபுரங்கள் ஆண்டுக்காண்டு பெருகி வருகின்றன. தூத்துக்குடியின் அனல் மின்சாரம், கூடங்குளத்தின் அணு மின்சாரம், முப்பந்தல் பகுதியின் காற்றாலை மின்சாரம், கமுதியின் சூரிய மின்சாரம் ஆகியவை தெற்கே உற்பத்தியாகின்றன. இவற்றில் பெரும் பங்கு வடக்கு நோக்கிச் செல்ல வேண்டியுள்ளது. வழியில் இருப்பது நமது வயல்கள். இரண்டு ஏக்கர் வைத்திருக்கும் விவசாயியின் நிலத்தில் ஒரு கோபுரம் அமைவது சிறிய செய்தியன்று. இந்தப் பாதை யாருடையது, எவ்வளவு இழப்பீடு கேட்கலாம், அதன்கீழ் எதைப் பயிரிடலாம் என்பவற்றை உழவர்கள் முன்கூட்டியே அறிந்திருத்தல் வேண்டும்.

மூன்று கழகங்கள்

பெரியாறு பாசனம் நமக்குப் பழக்கமானது. பேரணையில் பிரியும் பிரதானக் கால்வாயிலிருந்து கிளைக் கால்வாய்க்கும், அங்கிருந்து மடை வழியே வயலுக்கும் நீர் வருகிறது. மின்சாரமும் இவ்வாறே மூன்று கட்டங்களாக வருகிறது.

முதற்கட்டம், பவர் கிரிட் கார்ப்பரேஷன் என்னும் மத்திய அரசு நிறுவனம். 1989 அக்டோபரில் தேசிய மின் தொடரமைப்புக் கழகமாகத் தொடங்கி, 1992-இல் இப்பெயர் பெற்றது. மாநிலம் விட்டு மாநிலம் மின்சாரத்தைக் கொண்டு செல்வதே இதன் தலையாய பணி. மின்சாரத்தை இது விற்பதுமில்லை, வீட்டிற்கோ மோட்டாருக்கோ இணைப்பு அளிப்பதுமில்லை. தூத்துக்குடியிலிருந்து மதுரைக்கு வரும் 400 கிலோவோல்ட் பாதை இதனுடையதே.

இரண்டாவது, தமிழ்நாடு மின் தொடரமைப்புக் கழகம். 2010-இல் மின்சார வாரியம் பிரிக்கப்பட்டபோது உருவானது. மாநிலத்திற்குள் செல்லும் 400, 230, 110 கிலோவோல்ட் பாதைகள் இதன் பொறுப்பு.

மூன்றாவது, தமிழ்நாடு மின் பகிர்மானக் கழகம். ஊர் டிரான்ஸ்பார்மரும், மோட்டாருக்கு வரும் மும்முனைக் கம்பியும் இதனுடையவை. மோட்டாருக்கு அழுத்தம் குறைந்தால் முதலில் இக்கழகத்தின் பிரிவு அலுவலகத்தையே அணுக வேண்டும். கோபுரத்தின் அடியில் நின்று கேட்டுப் பயனில்லை. பிரதானக் கால்வாயில் நேரடியாக மடை திறக்க முடியாதல்லவா?

இவ்வளவு அழுத்தம் ஏன்?

கம்பியில் ஓடும் மின்னோட்டம் கூடக்கூட, கம்பி சூடேறி மின்சாரம் வீணாகிறது. மின்னோட்டம் இரு மடங்கானால் இழப்பு நான்கு மடங்காகும். அதே அளவு மின்சாரத்தைப் பத்து மடங்கு அழுத்தத்தில் அனுப்பினால், மின்னோட்டம் பத்தில் ஒரு பங்காகவும், இழப்பு நூறில் ஒரு பங்காகவும் குறைந்துவிடும். ஆகவேதான் தொலைதூரத்திற்கு 400, 765 கிலோவோல்ட் அழுத்தங்கள் கையாளப்படுகின்றன. சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து நமது புகளூருக்கு வரும் நேர்மின்னோட்டப் பாதையின் அழுத்தம் 800 கிலோவோல்ட். அது 6,000 மெகாவாட் சுமக்க வல்லது.

2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர்-சோலாப்பூர் பாதையின் வழியே தென்னக மின்தொகுப்பு நாட்டின் ஏனைய தொகுப்புடன் ஒன்றாக இணைந்தது. ஆடிக் காற்றில் நம்மிடம் மிகும் மின்சாரம் வடக்கே செல்லவும், காற்று ஓய்ந்த மாதங்களில் அங்கிருந்து நமக்கு வரவும் இவ்விணைப்பு உதவுகிறது. பாதை தேவையானதே. ஆனால் நாட்டிற்குக் கிடைக்கும் நன்மைக்கான விலையைச் சிறு விவசாயி மட்டும் கொடுப்பது நியாயமாகாது. புகளூர்ப் பாதை அமைந்தபோது மேற்கு மாவட்ட உழவர்கள் போராடியது இக்காரணத்தாலேயே. அங்கு அவர்கள் நிலத்தடிக் கேபிள் கேட்டனர். புகளூர்-திருச்சூர்ப் பாதையின் கேரளப் பகுதியில் ஒரு பங்கு நிலத்தடிக் கேபிளாகவே அமைந்துள்ளது.

இழப்பீடு எவ்வளவு?

மின்பாதைக்காக நிலம் கையகப்படுத்தப்படுவதில்லை. பட்டா உழவர் பெயரிலேயே இருக்கும். ஆனால் பாதையின் அகலம் முழுவதும் பயன்பாட்டிற்குக் கட்டுப்பாடு வந்துவிடும். இந்த அகலம் 110 கிலோவோல்ட் பாதைக்கு 22 மீட்டர், 400 கிலோவோல்ட் பாதைக்கு 46 மீட்டர், 765 கிலோவோல்ட் இரட்டைச் சுற்றுப் பாதைக்கு 67 மீட்டர்.

இழப்பீடு மூன்று வகைப்படும். பயிர், மரச் சேதத்திற்கு ஒன்று. கோபுரம் நிற்கும் இடத்திற்கு ஒன்று. கம்பியின்கீழ் உள்ள அகலத்திற்கு ஒன்று. மத்திய மின்துறை அமைச்சகம் 2015 அக்டோபரில் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி கோபுர இடத்திற்கு நில மதிப்பில் 85 சதவீதம். கம்பி அகலத்திற்கு அதிக அளவாக 15 சதவீதம். 2024 ஜூனில் இது திருத்தப்பட்டுக் கோபுர இடத்திற்கு 200 சதவீதமாகவும், கம்பி அகலத்திற்கு 30 சதவீதமாகவும் உயர்த்தப்பட்டது. கோபுரக் கால்களுக்கு வெளியே பக்கத்திற்கு ஒரு மீட்டரும் கணக்கில் சேரும்.

ஓர் எடுத்துக்காட்டு: 400 கிலோவோல்ட் பாதை ஒரு வயலில் 100 மீட்டர் நீளம் செல்வதாகக் கொள்வோம். அதன் அகலத்தில் அடங்கும் பரப்பு 4,600 சதுர மீட்டர், அதாவது ஏறத்தாழ 114 சென்ட். ஒரு சென்ட் ரூ.20,000 என வைத்துக்கொண்டால், 15 சதவீதக் கணக்கில் ரூ.3,42,000, 30 சதவீதக் கணக்கில் ரூ.6,84,000. எந்த ஆணையின்படி கணக்கிடுகிறார்கள் என்று கேட்பதன் அவசியம் இதிலிருந்து புலனாகும். வழிகாட்டுதலை மாநில அரசு ஏற்று ஆணையிடுவதைப் பொறுத்தே தொகை அமையும். ஆகவே நடப்பிலுள்ள ஆணையை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் எழுத்து மூலம் கேட்டுப் பெறுவது நல்லது.

2007-இல் கேரள மின்வாரிய வழக்கில் உச்ச நீதிமன்றம், எல்லா நிலத்திற்கும் ஒரே சூத்திரம் பொருந்தாது என்றது. நிலம் அமைந்த இடம், கம்பி செல்லும் விதம், எஞ்சிய நிலத்தின் பயன் ஆகியவற்றையும் பார்க்க வேண்டும் என்றும் கூறியது. சிறு வயலின் நடுவே கம்பி செல்லும்போது இத்தீர்ப்பை எடுத்துக்காட்டலாம்.

செய்ய வேண்டியவை

1. அளவைக்கு ஆட்கள் வந்தவுடன் எந்த நிறுவனம், எத்தனை கிலோவோல்ட் என்று கேட்டு எழுதிக்கொள்ளவும். பழைய கோபுரமாயின் அதில் உள்ள பலகையில் பாதையின் பெயரையும் எண்ணையும் காணலாம்.

2. பட்டா, சிட்டா, நடப்பு அடங்கல் ஆகியவற்றைத் தயாராக வைக்கவும். அடங்கலில் தென்னைக்குப் பதில் தரிசு என்றிருந்தால் உடனே கிராம நிர்வாக அலுவலரிடம் திருத்திக்கொள்ளவும்.

3. மரங்களின் எண்ணிக்கை, வயது, காய்ப்பு ஆகியவற்றை வெட்டுவதற்கு முன் புகைப்படத்துடன் பதிவு செய்யவும்.

4. அடித்தளம் தோண்டும்போதும், கோபுரம் எழுப்பும்போதும், கம்பி இழுக்கும்போதும் தனித்தனியே பயிர்ச் சேதம் நேரும். ஒவ்வொரு முறையும் தனியே பஞ்சநாமா எழுதச் செய்யவும்.

5. நிரப்பப்படாத தாளில் கையெழுத்திடலாகாது.

என்ன பயிரிடலாம்?

நெல், சோளம், கம்பு, உளுந்து, நிலக்கடலை, பருத்தி, காய்கறி, மல்லிகை ஆகியவற்றைத் தடையின்றிப் பயிரிடலாம். எலுமிச்சை, கொய்யா போன்றவற்றைக் கவாத்து செய்து தாழ்வாக வைத்திருக்க வேண்டும். தென்னை, தேக்கு, மலைவேம்பு, சவுக்கு, மூங்கில் கூடாது. 400 கிலோவோல்ட் கம்பி தரையிலிருந்து ஏறத்தாழ 8.8 மீட்டர் வரை தாழ்ந்து தொங்கலாம். வெயிலிலும் மின்சுமையிலும் கம்பி நீண்டு மேலும் தாழும். மரம் கம்பியைத் தொட வேண்டியதில்லை. நெருங்கினாலே மின்சாரம் பாயும்.

எச்சரிக்கைகள்

கம்பியின்கீழ் கரும்புச் சோகையையோ வைக்கோலையோ எரித்தல் கூடாது; தீயும் புகையும் மின்சாரம் தாவ வழிசெய்யும். ஆழ்துளைக் கிணறு தோண்டும் வண்டியின் கோபுரத்தையும் நீண்ட குழாய்களையும் அங்கே நிமிர்த்தக் கூடாது. பாதைக்கு இணையாக நீண்டு செல்லும் கம்பி வேலியில் மின்னேற்றம் தூண்டப்படும். பல இடங்களில் அதற்குத் தரையிணைப்பு (எர்த்) கொடுக்க வேண்டும். கோபுரக் காலில் மாடு கட்டுவதும், அதனருகே மண் எடுப்பதும் ஆபத்து. அறுந்த கம்பியைக் கண்டால் பத்து மீட்டருக்கு மேல் விலகி நின்று, மற்றவர்களையும் தடுத்து, மின்வாரியத்திற்குத் தகவல் தர வேண்டும்.

மின்பாதை ஒரு முறை அமைந்தால் அடுத்த தலைமுறையும் அதன்கீழ்தான் உழ வேண்டும். ஆகவே முதல் நாளே கேட்டு, எழுதி, பதிவு செய்வது சிறந்தது. கோபுரத்தின்கீழ் ஏற்ற பயிர்த் திட்டம் குறித்து அருகிலுள்ள வேளாண்மை விரிவாக்க மையத்தை அணுகி உழவர் பெருமக்கள் ஆலோசனை பெறலாம்.