வீட்டிற்கேற்ற குருதியமுக்கமானி

உயர் குருதியமுக்கம் பெரும்பாலும் அறிகுறி எதனையும் காட்டாது வளர்வதொரு நோயாகும். தலையிடி வந்தபின் பார்த்துக்கொள்வோம் என்றிருப்பவர், இதயமும் மூளையும் சிறுநீரகமும் ஊறுபட்ட பின்னரே அதனை உணர நேரிடும். ஆதலின் அதனை அறிதற்குரிய வழி அளத்தல் ஒன்றேயாம்.

புங்குடுதீவிலே பிள்ளைகள் கனடாவிலும் பிரான்சிலும் சுவிற்சர்லாந்திலும் வாழ, முதியோர் தனித்திருக்கும் வீடுகள் பல. யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலைக்குச் செல்வதாயின் அவர்கள் வேலணையைக் கடந்து பண்ணை வழியாகப் போதல் வேண்டும். நயினாதீவாரும் நெடுந்தீவாரும் முதலிற் கடல் கடந்து குறிகட்டுவான் இறங்குதுறையை அடைதல் வேண்டும். இத்தகைய இடங்களில் வீட்டிலுள்ள அளவுகருவி பேருதவி புரியும். ஆயின் பிழையான எண்ணைக் காட்டும் கருவி இல்லாமையினும் தீயது. வேண்டாத அச்சத்தையோ பொய்யான ஆறுதலையோ அது தரும்.

1896ஆம் ஆண்டில் இத்தாலிய வைத்தியர் ரிவா-ரொச்சி கையைச் சுற்றிக் காற்றுப்பட்டி கட்டி அளக்கும் முறையை வெளியிட்டார். 1905இல் ரஷ்ய வைத்தியர் கொரொற்கொவ் நாடியின் ஒலியைக் கேட்டு இரு எண்களையும் அறியும் முறையைக் கண்டார். இன்றைய வீட்டுக் கருவிகளோ பெரும்பாலும் ஒலியைக் கேட்பனவல்ல. நாடித் துடிப்பினாற் பட்டியிலுள்ள காற்றில் எழும் நுண்ணிய அதிர்வுகளை அவை உணர்ந்து, ஆக்கியோர் அமைத்த கணிப்பின்படி எண்களைத் தருகின்றன. அக்கணிப்பு நம் கண்ணுக்குப் புலப்படுவதன்று. எனவே கருவியின் தோற்றமோ விலையோ அதன் செம்மைக்குச் சான்றாகாது.

சான்றாவது பரிசோதனையே. சர்வதேச நியமப்படி பொதுவாக 85 பேருக்குக் குறையாதோரிடம், பயிற்சி பெற்றோர் அளந்த எண்களோடு கருவியின் எண்கள் ஒப்பிடப்படும். சராசரி வேறுபாடு 5 மில்லிமீற்றர் இரசத்தை மிஞ்சலாகாது. இவ்வாறு தேறிய கருவிகளின் பட்டியலை 'ஸ்ரைட் பீபீ' என்னும் அமைப்பு வெளியிடுகின்றது. வாங்குமுன் கருவியின் மாதிரி இலக்கம் அப்பட்டியலில் உள்ளதா எனப் பார்த்தல் முதற்கடன். ஒரே நிறுவனத்தின் ஒரு மாதிரி தேறியமையால் மற்றொன்றும் தேறியதாகாது.

இரண்டாவது, பட்டியின் அளவு. பருத்த கைக்குச் சிறிய பட்டி எண்ணை உயர்த்திக் காட்டும். மெலிந்த கைக்குப் பெரிய பட்டி தாழ்த்திக் காட்டும். ஆதலின் தோளுக்கும் முழங்கைக்கும் நடுவே கையின் சுற்றளவை அளந்து, பட்டியிற் குறித்த எல்லையோடு ஒப்பிடுக. மணிக்கட்டிற் கட்டுவதினும் மேற்கையிற் கட்டும் கருவியே நன்று.

மூன்றாவது, மின்சாரம். கனடாவின் வீட்டு மின்னழுத்தம் 120 வோற்று. இலங்கையினது 230 வோற்று. அங்கிருந்து வரும் கருவியின் மின்னிணைப்பியில் 100–240 எனப் பொறிக்கப்படாவிடின் அதனை இங்கு மின்சாரத்திற் பொருத்தலாகாது, மின்கலங்களையே பாவிக்க.

தொலைபேசியோடு இணைதல், பேசுதல் முதலியவற்றுக்கு மிகைப்பணம் கொடுத்தல் அவசியமன்று. இருவருடைய அளவுகளைத் தனித்தனியே நினைவில் வைக்கும் வசதி மாத்திரம் பயனுடையது. இதயத் துடிப்பு ஒழுங்கற்றவர்கள் கருவி வாங்குமுன் வைத்தியரைக் கேட்டல் நன்று.

நல்ல கருவியும் தவறாக அளப்பின் பயன்படாது. தேநீர், கோப்பி, புகைத்தல் ஆகியவற்றை அரைமணி நேரம் தவிர்த்து, முதுகு சாய்த்து, பாதங்களை நிலத்திற் பதித்து, ஐந்து நிமிடம் பேசாதிருந்து, கையை இதய மட்டத்தில் வைத்து அளக்க. காலையும் மாலையும் ஒரு நிமிட இடைவெளியில் இருமுறை அளந்து, ஏழு நாட்களின் எண்களைக் கொப்பியில் எழுதி வைத்தியரிடம் காட்டுக. வீட்டில் எடுத்த அளவுகளின் சராசரி 135/85 அல்லது அதற்கு மேலாயின் அது உயர்வெனக் கொள்ளப்படும். எண்ணைக் கண்டு மருந்தைத் தாமே கூட்டுதலும் நிறுத்துதலும் தகாது. 180/120ஐத் தாண்டி, நெஞ்சுநோவோ கைகால் வலுவிழப்போ பேச்சுத் தடுமாற்றமோ தோன்றின் தாமதியாது வைத்தியசாலைக்குச் செல்க.

ஆண்டுக்கொருமுறை கருவியை வைத்தியசாலைக்குக் கொண்டுசென்று ஒப்பிட்டுப் பார்த்தலும் வேண்டும். மலிவென்பது குறைந்த விலையன்று. கொடுத்த பணத்துக்கு நம்பத்தக்க எண் கிடைத்தலேயாம். ஊரிலுள்ள பெற்றோருக்குக் கருவி அனுப்பும் பிள்ளைகள், அவர்களுடைய கையின் சுற்றளவை முதலிற் கேட்டறிவார்களாக.