தோளில் ஏறிய ஆடு

நீலகிரித் தேயிலைத் தோட்டங்களில் லயன் வீட்டுச் சுவர்களில் அந்தப் படத்தைப் பார்த்திருப்பீர்கள். இயேசு நடந்து வருகிறார். தோளில் ஓர் ஆடு. அதன் கால்களை மார்போடு சேர்த்துப் பிடித்திருக்கிறார். நூறு ஆடுகளில் ஒன்று காணாமல் போக, மற்ற தொண்ணூற்றொன்பதையும் விட்டுவிட்டு அந்த ஒன்றைத் தேடிப் போன மேய்ப்பனின் உவமை அது. லூக்கா நற்செய்தியின் 15ஆம் அதிகாரத்தில் இருக்கிறது.

படத்தில் சின்னக் குட்டியாக வரைந்துவிடுகிறார்கள். கதையில் வருவதோ ஆடு. நம் நீலகிரிச் செம்மறியில் வளர்ந்த பெட்டை ஆடே ஏறக்குறைய 30 கிலோ இருக்கும். அதைச் சுமந்துகொண்டு மேடும் பள்ளமுமாக நடப்பது லேசான வேலையா? அதுதான் கிடைத்துவிட்டதே, ஓட்டிக்கொண்டு வரலாமே!

பாசத்தால் சுமந்தார் என்று பெரியவர்கள் சொல்வார்கள். உண்மைதான். ஆடு மேய்ப்பவரைக் கேட்டுப் பாருங்கள், இன்னொரு காரணமும் சொல்வார்: ஒற்றை ஆட்டை ஓட்டுவது பெரும்பாடு.

மந்தை எப்படி நகர்கிறது என்று பார்ப்போம். முதலில் ஓர் ஆட்டின் கண்ணைக் கிட்டப் போய்ப் பாருங்கள். நம் கண்ணின் பாவை வட்டம். ஆட்டுக்கு அது படுக்கைவாட்டில் ஒரு கோடு. கண்கள் தலையின் இரண்டு பக்கமும் இருப்பதால், தலையைத் திருப்பாமலேயே ஏறத்தாழ முதுகுப்புறம் வரை அதற்குத் தெரியும். குனிந்து புல் மேயும்போது அந்தக் கோடு செங்குத்தாகிவிட வேண்டுமல்லவா? ஆவதில்லை. கண்விழி அதற்கேற்பச் சுழன்று, கோட்டைத் தரைக்கு இணையாகவே வைத்துக்கொள்கிறது. 2015இல் வெளியான ஓர் ஆய்வு இதை விளக்கியது. வாய் மேயும்போதும் கண் காவல் காக்கிறது!

பின்னால் ஆள் நெருங்கியதும் ஆடு விலகும். எங்கே? பக்கத்து ஆட்டை ஒட்டி. அது அதற்கடுத்த ஆட்டை ஒட்டும். இப்படியே மந்தை முழுவதும் நகர்ந்துவிடும். மேய்ப்பவர் எதையும் பிடித்துத் தள்ளுவதில்லை. தான் நிற்கும் இடத்தை மாற்றிக்கொண்டே இருக்கிறார், அவ்வளவுதான். ஆனால் இதற்கு ஒட்டிக்கொள்ள இன்னோர் ஆடு வேண்டும். தனித்துவிட்ட ஆட்டுக்கு அது இல்லை. பின்னால் போனால் கண்டபடி பாயும். மறித்தால் திரும்பிப் பாயும். புதரில் போய் முட்டும். மலைச்சரிவில் அப்படி ஓடினால் கால் ஒடியும்.

கால் தரையில் படாவிட்டால் அதே ஆடு அடங்கிவிடும். கம்பளி கத்தரிப்பவர்கள் ஆட்டை அதன் பின்பக்கத்தில் உட்காரவைத்துத் தங்கள் கால்மீது சாய்த்துக்கொள்வார்கள். திமிறிக்கொண்டிருந்த ஆடு சட்டென்று சும்மா இருக்கும். தோளில் போட்டுக் கால்களைச் சேர்த்துப் பிடித்தாலும் ஓட முடியாது. கூடவே ஓர் உடம்பின் சூடும் கிடைக்கிறது. தொலைந்த ஆட்டை வீடு சேர்க்க அனுபவசாலி எதைச் செய்வாரோ, கதையின் மேய்ப்பன் அதையே செய்கிறார்.

தனிமை ஆட்டை என்ன செய்கிறது என்று அளந்தும் பார்த்திருக்கிறார்கள். மந்தையிலிருந்து பிரித்துத் தனி அறையில் விட்டால் அது விடாமல் கத்தும். இதயத் துடிப்பு ஏறும். ரத்தத்தில் கார்ட்டிசால் என்ற சுரப்பு கூடும். பயத்திலும் பதற்றத்திலும் நமக்கும் சுரப்பது அதுதான். இங்கிலாந்தின் பாப்ரகாம் ஆய்வு நிலையத்தில் கீத் கெண்ட்ரிக்கும் அவருடைய குழுவினரும் 2004இல் வெளியிட்ட சோதனை எனக்கு மிகவும் பிடித்தது. தனியாக இருந்த ஆட்டுக்கு ஒரு செம்மறியின் முகப் படத்தைக் காட்டினார்கள். கத்துவது குறைந்தது, துடிப்பு இறங்கியது. வெள்ளாட்டின் முகத்தையோ வெறும் முக்கோணத்தையோ காட்டியபோது அந்த அளவு ஆறுதல் கிடைக்கவில்லை. வெறும் படம்தான்! அதற்கே அவ்வளவு நிம்மதி. இதே குழு 2001இல் இன்னொன்றையும் கண்டுபிடித்திருந்தது: செம்மறியால் ஐம்பது ஆடுகளின் முகங்களை இரண்டு ஆண்டுகளுக்கு மேல் நினைவில் வைத்துக்கொள்ள முடியும். செம்மறியை மந்தபுத்தி என்று இனி யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

இந்த மலையில் செம்மறிக்குத் தனி வரலாறு உண்டு. 19ஆம் நூற்றாண்டில், கோயம்புத்தூர்ப் பக்கத்து ஆடுகளோடு டாஸ்மேனியாவின் மெரினோ, பிரிட்டனின் செவியட், சவுத்டவுன் இனங்களைக் கலந்து உருவானதுதான் நீலகிரிச் செம்மறி. மழைக்கும் உறைபனிக்கும் தாங்கும். மெல்லிய கம்பளி தரும். மேய்ச்சல் நிலங்கள் தேயிலையாகவும் தைல மரக் காடாகவும் மாறிவிட்டதால் இன்று எண்ணிக்கையில் மிகவும் குறைந்துவிட்டது. ஊட்டிக்கு அருகே சாண்டிநல்லாவில், தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் செம்மறியாட்டு ஆராய்ச்சி நிலையம் இந்த இனத்தைக் காப்பாற்றி வருகிறது. அங்கே போக வாய்ப்புக் கிடைத்தால் குட்டி போட்ட ஆடு ஒன்றைக் கவனியுங்கள். குட்டி பால் குடிக்க வந்ததும் தாய் தலையைத் திருப்பி அதன் வாலடியை மோந்து பார்க்கும். தன் குட்டியின் வாசனை என்றால் நின்று கொடுக்கும். வேறு குட்டி என்றால் முட்டித் தள்ளும். ஈன்ற சில மணி நேரத்துக்குள் அந்த வாசனை அதன் மூளையில் பதிந்துவிடுகிறது. ஒன்றிரண்டு நாளில் தாயும் குட்டியும் ஒன்றையொன்று குரலாலும் அறிந்துகொள்ளும்.

குரல் என்றதும் யோவான் நற்செய்தியின் 10ஆம் அதிகாரம் நினைவுக்கு வருகிறது. அங்கே மேய்ப்பன் ஆடுகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறான். அவை அவன் குரலை அறிந்து பின்னே போகின்றன. அந்நியன் கூப்பிட்டால் ஓடுகின்றன. ஆட்டுக்குப் பெயரா என்று கேட்காதீர்கள். நம் தோடர்கள் பெண் எருமைகளுக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். 1906இல் ரிவர்ஸ் என்ற ஆய்வாளர் தோடர்களைப் பற்றி எழுதிய பெரிய நூலில் அந்தப் பெயர்கள் பல பதிவாகியிருக்கின்றன. அறிமுகமில்லாதவர் தோடர் குடியிருப்பான மந்துக்கு அருகே போனால் அந்த எருமைகள் கொம்பைத் தாழ்த்திக்கொண்டு பாய வரும். செம்மறியிடம் அப்படிப்பட்ட கொம்பு இல்லை, அதனால் அது ஓடுகிறது. ஆனால் இரண்டுக்கும் தன் ஆள் யார் என்று தெரியும். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் 2017இல் செம்மறிகளுக்கு பராக் ஒபாமா போன்ற பிரபலங்களின் படங்களை அடையாளம் காணப் பழக்கினார்கள். பிறகு, தங்களைப் பராமரிப்பவரின் படத்தை எந்தப் பயிற்சியும் இல்லாமலேயே அவை பெரும்பாலும் சரியாகத் தேர்ந்தெடுத்தன.

அதே அதிகாரத்தில் ஓநாயும் வருகிறது. கூலிக்கு மேய்ப்பவன் ஓடிவிட, ஓநாய் மந்தையைச் சிதறடிக்கிறது. நம் மலையில் ஓநாய்க்குப் பதில் செந்நாயும் சிறுத்தையும். ஆபத்து வந்தால் செம்மறி என்ன செய்யும்? முதுகில் ஜிபிஎஸ் கருவி கட்டி, மந்தையை ஓட்டும் நாயை ஏவிப் பார்த்த ஓர் ஆய்வு 2012இல் வெளியானது. ஒவ்வோர் ஆடும் மந்தையின் நடுவை நோக்கியே ஓடியது. ஓரத்தில் இருப்பதுதான் முதலில் பிடிபடும். நடுவில் இருந்தால் நாலா பக்கமும் மற்ற ஆடுகள் அரணாக நிற்கும். கூட்டத்தைச் சிதறடித்து ஒன்றைப் பிரிப்பதுதான் வேட்டை விலங்கின் தந்திரம்.

அப்படியானால் தொண்ணூற்றொன்பதை விட்டுப் போனது சரிதானா? பலர் கேட்கும் கேள்வி இது. அந்தத் தொண்ணூற்றொன்பதுக்கும் ஒட்டிக்கொள்ளத் துணை இருக்கிறது. அவை கும்பலாகவே நிற்கும். ஆனால் ஓநாய்க் கூட்டம் வந்தால் அது மட்டும் போதாது. அதனால் வேறு யாராவது பார்த்துக்கொண்டிருப்பார்கள் என்றே நினைக்கிறேன். ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்திலிருந்து ஊர் ஊராகப் போகும் கீதாரிகளும் பல பேரின் ஆடுகளைச் சேர்த்துத்தான் கிடை போடுகிறார்கள். ஒருவர் தேடப் போனால் இன்னொருவர் கிடையைப் பார்த்துக்கொள்வார். கதையில் அந்த இன்னொருவரைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. கேட்டுக்கொண்டிருந்தவர்களில் ஆடு மேய்த்துப் பழகியவர்களுக்கு அதைச் சொல்லத் தேவையும் இருந்திருக்காது.