உங்களுக்குத் தெரியுமா? வருகைக்கு நாள் குறித்தவர்கள்

● இயேசுவின் இரண்டாம் வருகை எப்போது என்பது வானதூதருக்கும் தெரியாது, பிதா ஒருவருக்கே தெரியும். இதை மத்தேயு 24ஆம் அதிகாரத்தில் இயேசுவே சொல்லியிருக்கிறார். அப்படியும் தேதி குறித்தவர்கள் உண்டு.

● அவர்களில் பேர்போனவர் வில்லியம் மில்லர், அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்து விவசாயி. 1818லேயே கணக்கை முடித்துவிட்டவர், 1831இல்தான் வெளியே பிரசங்கிக்கத் துணிந்தார்.

● கணக்கு இதுதான். தானியேல் 8:14 சொல்லும் 2300 நாள் என்பது 2300 ஆண்டு. எருசலேமைத் திரும்பக் கட்டப் பாரசீக அரசரின் கட்டளை பிறந்த கி.மு. 457இலிருந்து எண்ணினால் 1843. ஆனால் கி.மு. 1க்கு அடுத்த ஆண்டே கி.பி. 1, நடுவில் பூஜ்ய ஆண்டு கிடையாது. ஆகவே ஒன்று கூட்டி 1844! சாமுவேல் ஸ்னோ என்ற போதகர், யூதரின் பாவநிவிர்த்தி நாளை வைத்து அக்டோபர் 22 என்று நாளையும் குறித்தார். மில்லர் அதை ஏற்றது அந்த மாதம்தான்.

● அறுவடை செய்தால் விசுவாசக்குறைவு என்று உருளைக்கிழங்கை மண்ணிலேயே விட்டவர்களும் இருந்தார்கள். அக்டோபர் 22 வந்தது, இயேசு வரவில்லை. அந்த இரவு கடந்து பொழுது விடியும்வரை அழுது தீர்த்ததை ஹைரம் எட்சன் என்ற விவசாயி எழுதிவைத்திருக்கிறார். வெள்ளை அங்கி அணிந்து கூரைமேல் காத்திருந்தார்கள் என்பது கேலி செய்தவர்கள் கட்டிய கதை, அதற்குச் சான்று இல்லை. நம்பியதற்காக எல்லாவற்றையும் இழந்தவர்களை ஊரும் பத்திரிகைகளும் எள்ளி நகையாடியது கொடுமை.

● ஐசக் நியூட்டனும் தானியேலையும் வெளிப்படுத்தின விசேஷத்தையும் வைத்துக் கணக்குப் போட்டவர். கி.பி. 800உடன் 1260 ஆண்டைக் கூட்டி, 2060க்கு முன் முடிவு வராது என்று எழுதினார். அவசரப்பட்டு நாள் குறிப்பவர்களின் வாயை அடைப்பதே தன் நோக்கம் என்றும் குறித்திருக்கிறார். கைப்பட எழுதிய அந்தத் தாள் எருசலேமில், இஸ்ரேல் தேசிய நூலகத்தில் இருக்கிறது.



● மில்லர் 1849இல், நம்பிக்கை தளராமலே இறந்தார். அவர் வழிவந்தவர்களில் ஒரு சாரார் தேதி சரி, அன்று நிகழ்ந்தது பரலோகத்தில் என்று விளக்கம் கண்டு, 1863இல் ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் சபையாக அமைந்தார்கள். இன்று அதன் அங்கத்தினர் 2 கோடிக்கும் மேல். வருகைக்குக் காத்திருக்கும் அந்தச் சபை, அதற்கு நாள் குறிப்பதில்லை.