பச்சிளம் வயிற்றில் தாய்ப்பால்

மாடு கன்று போட்டால் சீம்பாலை வெல்லம் சேர்த்துக் காய்ச்சி, அக்கம்பக்கத்துக்கும் கொடுத்துச் சாப்பிடுவது கொங்கு நாட்டு வழக்கம். பிள்ளை பெற்றவளின் சீம்பாலையோ பீய்ச்சிக் கீழே விட்டுவிட்டு, சர்க்கரைத் தண்ணீரோ தேனோ தொட்டு வைக்கிற பழக்கம் இன்னும் முழுதாகப் போகவில்லை. அந்த மஞ்சள் பாலில் கிருமிகளைத் தடுக்கும் புரதங்கள் இருக்கின்றன என்று செவிலியர் சொன்னால், படித்தவர்களே ஒரு கேள்வி கேட்கிறார்கள்: எந்தப் புரதமும் வயிற்றில் செரித்துத்தானே போகும், பிறகு அது குழந்தையை எப்படிக் காக்கும்? கேள்வி நியாயமானது. ஆனால், அது பெரியவர்களின் வயிற்றை மனத்தில் வைத்துக் கேட்கப்படுகிறது.

நம் இரைப்பையில் வெறும் வயிற்றில் பிஎச் அளவு 2-ஐ ஒட்டி இருக்கும். புரதத்தை வெட்டும் பெப்சின் அந்தக் கடும் அமிலத்தில்தான் நன்றாக வேலை செய்யும். பச்சிளங்குழந்தைக்கு அமிலம் குறைவாகவே சுரக்கிறது. பால் குடித்த பிறகு பிஎச் அளவு 4-க்கு மேலேயே வெகுநேரம் நிற்பதால் பெப்சின் மந்தமாகிவிடுகிறது. கணைய நொதிகளும் இன்னும் முழு அளவுக்கு வந்திருக்காது. போதாக்குறைக்கு, அந்த நொதிகளைத் தடுக்கும் பொருள்களும் தாய்ப்பாலிலேயே உண்டு. வளர்ச்சிக்கு வேண்டிய கேசின் எளிதில் செரித்துவிடுகிறது. குடல் சுவரில் கிருமி ஒட்டாமல் தடுக்கும் ஐஜிஏ என்ற எதிர்ப்புப் புரதம், தன்னோடு பிணைந்துள்ள ஒரு துணைப் புரதத்தின் பாதுகாப்பில் பெருமளவு தப்பிவிடுகிறது. முதல் நாள்களின் சீம்பாலில் ஐஜிஏ லிட்டருக்கு 10 கிராம் அளவுக்குக்கூட இருக்கும். பிறகு 1 கிராம் அளவுக்கு இறங்கிவிடும். கிருமிகளுக்கு இரும்புச் சத்து கிடைக்காமல் செய்யும் லாக்டோஃபெரினும் ஓரளவு தப்புகிறது. தாய்ப்பால் குடிக்கும் குழந்தைகளின் மலத்தில் இவ்விரண்டையும் 1987-லேயே ஆய்வாளர்கள் அளந்து காட்டிவிட்டார்கள். சிதைவதெல்லாம் வீண் என்றும் சொல்ல முடியாது. பெப்சின் வெட்டிய லாக்டோஃபெரினின் ஒரு துண்டு, முழுப் புரதத்தைவிட வலுவாகக் கிருமிகளைக் கொல்கிறது என்று 1992-ல் ஜப்பானில் கண்டறிந்தார்கள்.

அப்படியானால் லாக்டோஃபெரினை மட்டும் பொடியாகக் கொடுத்தால் போதாதா? பிரிட்டனில் 2,200-க்கும் மேற்பட்ட குறைமாதக் குழந்தைகளுக்கு நடந்த பெரிய சோதனையின் முடிவு 2019-ல் வந்தது. பசும்பாலிலிருந்து எடுத்த லாக்டோஃபெரின் நோய்த்தொற்றைக் குறைக்கவில்லை. தாய்ப்பாலின் பெருமை இதனால் பொய்யாகிவிட்டது என்று நான் நினைக்கவில்லை. பல புரதங்களும் சர்க்கரைகளும் உயிரணுக்களும் சேர்ந்து செய்கிற வேலையை, பிரித்தெடுத்த ஒன்றிடம் எதிர்பார்த்ததுதான் பிழை.

செரிமானத்தைவிடச் சூடுதான் இந்தப் புரதங்களுக்குப் பெரிய எதிரி. தாய்ப்பால் வங்கிகளில் இதைப் பார்க்கலாம். ஆசியாவின் முதல் தாய்ப்பால் வங்கி 1989-ல் மும்பை சயான் மருத்துவமனையில் தொடங்கியது. இன்று கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் ஒன்று இயங்குகிறது. தானமாக வரும் பாலை வங்கிகள் 62.5 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம் சூடாக்குகின்றன. நோய்க்கிருமிகள் பரவாமலிருக்க அது தேவை. ஆனால் லாக்டோஃபெரினில் பெரும்பகுதியும் ஐஜிஏவில் ஒரு பகுதியும் அதில் போய்விடுகின்றன, கொழுப்பைச் செரிக்கும் நொதி முற்றிலும் செயலிழக்கிறது. அப்புறம் எதற்கு வங்கி என்று கேட்கக்கூடாது. குறைமாதக் குழந்தைகளுக்கு மாவுப்பால் கொடுத்தால், குடல் அழுகும் கொடிய நோயின் அபாயம் வங்கிப் பால் குடிப்பவர்களைவிட ஏறத்தாழ இரு மடங்கு என்று ஆய்வுகளின் தொகுப்புகள் காட்டுகின்றன. ஆகவே பெற்றவளின் சூடாக்காத பால் முதலில், கிடைக்காதபோது வங்கிப் பால், மாவுப்பால் கடைசியில். சிசேரியன் ஆனவளுக்குப் பால் ஊறவில்லையே என்று பதறுகிற அம்மிச்சிகளும் அப்பத்தாக்களும் ஒன்றை அறிய வேண்டும்: முதல் நாளில் ஒவ்வொரு முறையும் சில மில்லி சீம்பாலே பிள்ளைக்குப் போதும். அதைக் கீழே விடாதீர்கள். பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் பிள்ளையை மார்பில் போடச் சொல்லுங்கள்.