வளர்வது நம் கண்ணுக்குத் தெரிவதில்லை



நமது அறக்கட்டளையில் அஸருக்குப் பிறகு பெண்களுக்குத் தமிழ் எழுத்து வகுப்பு நடந்து வருகிறது. அதற்கு வரும் சகோதரி ஒருவர், சென்ற மாதம் பதிவேட்டிலிருந்து தம் பெயரை எடுத்துவிடச் சொன்னார். வயது ஐம்பதைத் தாண்டியவர். "எட்டு மாசமா வர்றேன். ஒண்ணுமே ஏறல. என் எடத்துல வேற யாரையாவது சேத்துக்குங்க" என்றார்.

ஆசிரியை மறுத்து எதுவும் சொல்லவில்லை. அந்தச் சகோதரி சேர்ந்த அன்று கொடுத்த விண்ணப்பத்தைத் தேடி எடுத்து மேசையில் வைத்தார். கையெழுத்துப் போடும் இடத்தில் கைரேகை இருந்தது. பக்கத்தில் அன்றைய வருகைப் பதிவேட்டையும் திறந்து வைத்தார். அதில் அவரே தம் பெயரை எழுதியிருந்தார், எழுத்துகள் சற்று மேலும் கீழுமாக. இரண்டையும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இது நான் வச்ச ரேகையா?" என்று கேட்டார். பிறகு தயங்கியபடி, போன வாரம் மகள் வீட்டுக்குப் போகும்போது பஸ் போர்டை யாரையும் கேட்காமல் படித்து ஏறியதாகச் சொன்னார். அதை அவர் படிப்புக் கணக்கில் சேர்க்கவே இல்லை.

அந்தச் சகோதரி பணிவுக்காக அப்படிச் சொல்லவில்லை. தமக்கு ஒன்றும் வரவில்லை என்றே உண்மையில் நம்பியிருந்தார். நம்மில் பலர் இப்படித்தான் பாதி வழியில் திரும்பிவிடுகிறோம். ஓதக் கற்பதை விடுகிறோம், நடைப்பயிற்சியை விடுகிறோம், கோபத்தைக் குறைக்கும் முயற்சியை விடுகிறோம். முன்னேற்றம் இல்லாததால் விட்டவர்களைவிட, அது கண்ணில் படாததால் விட்டவர்கள் அதிகம் என்றே நமக்குத் தோன்றுகிறது.

ஏன் தெரிவதில்லை?

முதல் காரணம், நாம் நம்மை நாள்தோறும் பார்ப்பது. ஐந்து வயது முதல் பத்து வயது வரையிலான பிள்ளை ஆண்டுக்கு ஏறத்தாழ 5 முதல் 6 சென்டிமீட்டர் வளர்கிறது. மாதத்துக்கு அரை சென்டிமீட்டர் அளவுதான். கூடவே இருக்கும் உம்மாவுக்கு அது தெரியாது. இரண்டு வருடம் கழித்து வளைகுடாவிலிருந்து விடுப்பில் வரும் வாப்பாதான் வாசலிலேயே நின்று, "இவ்வளவு வளர்ந்துட்டானா!" என்கிறார். நம் குணமும் அறிவும் வளர்வதும் அதே வேகத்தில்தான். நம்மைத் தூரத்திலிருந்து வந்து பார்க்க நமக்குத்தான் வழியில்லை.

இரண்டாவது, வந்துவிட்டது எதுவும் நமக்குச் சாதாரணமாகிவிடுகிறது. உயிரெழுத்து தெரியாதபோது அது மலையாக இருந்தது. தெரிந்த பிறகு உயிர்மெய் மலையாகிறது. அதுவும் வந்த பிறகு முழு வாக்கியம் மலையாகிறது. எப்போதும் அடுத்த மலையையே பார்த்துக்கொண்டிருப்பவருக்கு, ஏறி வந்த உயரம் நினைவில் இருப்பதில்லை.

மூன்றாவது, தவறுவது மனதில் நிற்கிறது, தவறாமல் இருந்தது நிற்பதில்லை. நாற்பது நாள் பிள்ளைகளிடம் குரல் உயர்த்தாமல் இருந்துவிட்டு ஒருநாள் கத்திவிட்டால், இரவு படுக்கும்போது அந்த ஒருநாள்தான் நினைவுக்கு வரும். கத்தாத நாற்பது நாளும் எந்த அடையாளமும் இல்லாமல் கடந்து போயிருக்கும்.

சர்க்கரைப் பரிசோதனை சொல்லும் பாடம்

நம் வீடுகளில் சர்க்கரை நோய் உள்ளவர்கள் நிறைய இருக்கிறார்கள். அவர்களுக்கு இது எளிதில் புரியும். காலையில் வெறும் வயிற்றில் எடுக்கும் அளவு ஒருநாள் ஏறும், ஒருநாள் இறங்கும். சரியாகத் தூங்காவிட்டாலோ, முந்தின நாள் கல்யாண வீட்டில் பிரியாணி சாப்பிட்டிருந்தாலோ அது மாறும். அதை மட்டும் வைத்து மருத்துவர் முடிவு செய்வதில்லை. எச்பிஏ1சி என்ற பரிசோதனையையும் எடுத்துவரச் சொல்கிறார். இரத்தச் சிவப்பணு ஒன்று சுமார் 120 நாள் வாழ்கிறது. அதில் ஒட்டியிருக்கும் சர்க்கரையை அளந்தால், கடந்த இரண்டு மூன்று மாதங்களின் சராசரி தெரிந்துவிடும்.

நம் முயற்சிகளையும் இப்படித்தான் அளக்க வேண்டும். இன்று ஃபஜ்ருக்கு எழ முடிந்ததா என்பது ஒருநாள் கணக்கு. மூன்று மாதத்துக்கு முன் வாரத்தில் எத்தனை நாள் எழுந்தோம், இப்போது எத்தனை நாள் எழுகிறோம் என்பதே சரியான கணக்கு.

படிப்படியாக வந்த மார்க்கம்

குர்ஆன் ஒரே நாளில் முழு நூலாக மக்களிடம் தரப்படவில்லை. சுமார் 23 ஆண்டுகளில் சிறிது சிறிதாக இறங்கியது. மதுவுக்கான தடையும் படிப்படியாகவே வந்தது. முதலில் அதன் பாவம் பயனைவிடப் பெரிது என்று உணர்த்தப்பட்டது. அடுத்து, போதையோடு தொழுகையை நெருங்கக் கூடாது என்றானது. அதன் பிறகே முழுத் தடை வந்தது. மனிதனைப் படைத்தவனுக்கு, மனிதன் எந்த வேகத்தில் மாறுவான் என்பது தெரியும். குறைவானாலும் விடாமல் செய்யும் அமல் அல்லாஹ்வுக்கு உகந்தது என்பதை நாம் எத்தனையோ ஜும்ஆ பயான்களில் கேட்டிருக்கிறோம்.

ஹிஃப்ளு செய்யும் பிள்ளைகளைப் பாருங்கள். பரவலாகப் பயன்படும் மதீனா அச்சு முஸ்ஹஃபில் 604 பக்கங்கள். நாளுக்கு அரைப் பக்கம் மனனம் செய்தால் 1208 நாட்கள், அதாவது ஏறக்குறைய மூன்று ஆண்டு நான்கு மாதம். பழைய பாடத்தைத் திரும்ப ஓதும் நாட்கள் இதில் சேரவில்லை. இந்தக் கணக்கில் எந்த ஒரு நாளை எடுத்துப் பார்த்தாலும், "இன்று அரைப் பக்கம்தானே" என்றுதான் தோன்றும்.

புதிய பழக்கம் ஒன்று படிவது பற்றி லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஆய்வாளர்கள் 96 பேரிடம் நடத்திய ஆய்வு 2010-ல் வெளியானது. பழக்கம் தானாக நடக்கும் நிலைக்கு வர, சிலருக்கு 18 நாளே போதுமானதாக இருந்தது. சிலருக்கு 254 நாள்வரை ஆகும் என்று கணக்கிட்டார்கள். நடு அளவு 66 நாள். இடையில் ஒருநாள் தவறியது பெரிய பாதிப்பை உண்டாக்கவில்லை என்பதையும் கண்டார்கள். பக்கத்து வீட்டுக்காரருக்கு மூன்று வாரத்தில் வந்தது நமக்கு எட்டு மாதத்தில் வந்தால், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

எல்லாவற்றையும் பொறுமை என்று விட்டுவிடலாமா?

கூடாது. வளர்ச்சி மெதுவாக இருப்பது வேறு, நின்றுபோயிருப்பது வேறு. மூன்று, நான்கு மாதம் ஒழுங்காக முயன்றும் எந்த மாற்றமும் இல்லையென்றால், செய்யும் முறையை மாற்ற வேண்டும். எவ்வளவு சொல்லிக் கொடுத்தும் பிள்ளைக்கு எழுத்துக்கூட்டிப் படிக்க வரவில்லை என்றால், அடிப்பதற்கு முன் கண்ணையும் காதையும் பரிசோதியுங்கள். எழுத்துகளைப் பிரித்தறிவதில் சில பிள்ளைகளுக்குக் கற்றல் குறைபாடு இருக்கலாம். அதற்குத் தனிப் பயிற்சி உண்டு. வாரக்கணக்கில் தூக்கமின்மை, எதிலும் பிடிப்பின்மை, வாழ்வே வேண்டாம் என்ற எண்ணம் இருந்தால் உடனே மருத்துவரைப் பாருங்கள். அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416-ல் கட்டணமின்றிப் பேசலாம்.

வீட்டில் நாம் செய்யக்கூடியவை

1. தொடங்கும் நாளைப் பதிவு செய்யுங்கள். ஓதக் கற்பவர் முதல் நாள் ஓதியதை போனில் பதிந்து வைக்கலாம். நடப்பவர் எவ்வளவு தூரத்தில் மூச்சு வாங்கியது என்று எழுதி வைக்கலாம். அந்தச் சகோதரியின் கைரேகையைப் போல, பின்னால் அது சாட்சியாக நிற்கும்.

2. மூன்று மாதத்துக்கு ஒருமுறை மட்டும் ஒப்பிடுங்கள். அதுவும் சென்ற ரமலானில் இருந்த உங்களோடு ஒப்பிடுங்கள். அடுத்த வீட்டுப் பிள்ளையோடு வேண்டாம்.

3. கூட இருப்பவரைக் கேளுங்கள். "முன்னைக்கு இப்ப நான் எப்படி?" என்று மனைவியிடமோ கணவரிடமோ கேட்டால், நாம் கவனிக்காத ஒன்றை அவர்கள் சொல்வார்கள்.

4. பழைய பெயரை விட்டுவிடுங்கள். "நீ எப்பவுமே இப்படித்தான்" என்ற ஒரு வார்த்தை பல மாத முயற்சியைக் கலைத்துவிடும். சிகரெட்டை விட்டு ஓராண்டு ஆனவருக்கு, அதனால் கூடியிருந்த இதயநோய் ஆபத்து ஏறக்குறையப் பாதியாகக் குறைந்திருக்கும். அவர் உடம்பு மாறிக்கொண்டிருக்கும்போது, வீட்டார் இன்னும் அவர் சட்டைப்பையைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தால் என்ன நியாயம்?

5. தவறிய நாளுக்கு மறுநாள் தொடருங்கள். சேர்த்துச் செய்கிறேன் என்று இரட்டிப்புச் சுமை ஏற்ற வேண்டாம்.

தன் வளர்ச்சியைத் தானே பார்ப்பது பெருமை ஆகிவிடுமோ என்று சிலர் அஞ்சுகிறார்கள். பிறரிடம் காட்டிக்கொண்டால்தான் அது பெருமை. அல்லாஹ் தந்ததை அறிந்து அல்ஹம்துலில்லாஹ் சொல்வது ஷுக்ரு. என்ன தரப்பட்டது என்றே தெரியாதவர் எதற்காக ஷுக்ரு செய்வார்?

அந்தச் சகோதரியின் பெயர் இன்னும் பதிவேட்டில் இருக்கிறது. சென்ற வாரம் ரேஷன் கடைப் பலகையைத் தாமே படித்து, வரிசையில் நின்ற இருவருக்கும் சொல்லியிருக்கிறார். ஆசிரியையிடம் இப்போது அவர் சொல்லும் குறை வேறு. "வேகமா படிக்க வரலையேம்மா" என்கிறார்.

வல்ல இறைவன் நம் சிறிய முயற்சிகளை ஏற்று, அவற்றில் பரக்கத் செய்வானாக. ஆமீன்.